நிறைந்த மெமரியும் ஒரு சித்தப்பாவும்

பாணைப் பிய்த்துச் சம்பலோடு வாயில் வைக்கும்போதும் ஜெயகாந்தின் கண் திரையின் வலது மூலையை விட்டு அசையாது. அங்கே ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும். கம்பனிச் சேர்வர்களின் மெமரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் கோடு. அது உச்சிக்குப் போய்ச் சிவந்து நின்றால் பார்க்கிற மற்றவர்கள் கதிரையைவிட்டுத் துள்ளி எழும்புவார்கள். ஜெயகாந்துக்கு அப்போதுதான் பாண் தொண்டையில் இறங்கும். கோடு கீழே கிடந்தால் முகம் சுருங்கிவிடும். "சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு கதிரையில சும்மா இருக்கிற ஆளைப் போல இருக்கு, பாருங்கோ" என்று அந்த வெற்றிடத்தை விரலால் தட்டிக் காட்டிக் குறைப்படுவார்.

ஹனோவரில் குளியலறை ஓடு விற்கும் ஒரு கம்பனியில் அவருக்கு வேலை. ஓட்டை அவர் கண்ணாலும் பார்ப்பதில்லை. கம்பனியின் கணினிகள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பாடு. சின்ன வயதில் தமையன் கதிர்காமநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர். முதல் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தது அந்த அண்ணைதான். அதை அன்றைக்கே ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டதற்கு முதுகில் இரண்டு போட்டதும் அதே அண்ணைதான். இப்போது ஜெயகாந்துக்கு நாற்பது கடந்து நெடுநாள். மெலிந்த உடம்பு, நெற்றி ஏறிய தலை, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு மிக்சர் பைக்கற்று. மிக்சரைத் தின்றபடி பேசுவார். பேச்சுத் தொடங்கினால் மிக்சர்தான் முதலில் முடியும்.

கம்பனி முதலாளி ஹெர் லூடர்ஸ் நல்ல மனிதர். ஆனால் சிவப்பைக் கண்டால் பதறுவார். கோடு சிவந்தவுடன் மாடியிலிருந்து ஓடி வந்து, "நிறைந்துவிட்டது ஜெயா! அணைத்துப் போடு!" என்று ஜெர்மனில் கத்துவார். ஜெயகாந்த் கதிரையைவிட்டு எழும்ப மாட்டார். "நல்ல வேலைக்காரனை ஏன் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு மிக்சரை நீட்டுவார். லூடர்ஸ் ஒரு கடலையை எடுத்துக் கொறித்துக்கொண்டு, நம்பியும் நம்பாமலும் படியேறிப் போவார். வருசக்கணக்காக இதுதான் நடக்கிறது. சேர்வர் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஊர்ச் சனம் இவரிடம் சிக்கினால் கதை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை புஸ்பவதி அக்கா கைபேசியோடு வந்தார். "மெமரி நிறைஞ்சுபோச்சு எண்டு நெடுகச் சொல்லுது தம்பி. இந்தப் படங்களை ஒருக்கா அழிச்சு விடும்."

"அது மெமரி இல்லை அக்கா. அது அலுமாரி. மெமரி எண்டுறது குசினி மேசை."

அக்கா வாயைத் திறந்தது பிழை. ஜெயகாந்த் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கள் நாலாம் மாடியில இருக்கிறியள், லிஃப்ட் இல்லை. மேசை சின்னன். அதில ஒரு பருப்புப் பைக்கற்று கிடக்குது. இடம் காணாட்டி என்ன செய்வியள்? எறியலாம். கடையில திரும்ப வாங்கலாம். ஆனா பாதி வெட்டின கத்தரிக்காய் கிடந்தா? அதைக் கடையில விக்கிறாங்களே? எறிய ஏலாது. கீழ நிலவறைக் கெல்லருக்க கொண்டுபோய்த்தான் வைக்கோணும். டிஸ்க்கில இருந்து எடுத்துவந்து கைக்கெட்ட வைச்சிருக்கிறது பருப்பு. அதுக்குக் கேஷ் எண்டு பேர். புரோகிராம் பாதியில வைச்சிருக்கிற வேலை கத்தரிக்காய். அதைக் கொண்டுபோய் வைக்கிற கெல்லர்தான் ஸ்வாப்."

"அப்ப என்ர படம்?"

"பொறுங்கோ அக்கா. இப்ப மேசை நிறைஞ்சிட்டுது. எதை அகத்திறது? நாள் முழுக்க எடுக்கிற பருப்பை எறிஞ்சுபோட்டு, மூண்டு கிழமையாத் தொடாத கத்தரிக்காயைக் காவல் காக்கிறது விசர் வேலையெல்லோ?"

உள்ளே இருந்து மனைவி சிவப்பிரியாவின் குரல் வந்தது. "மூண்டு கிழமை வைச்சாக் கத்தரிக்காய் அழுகிப்போகுமப்பா!"

"பிரியா, அது உவமானம்!" என்று ஜெயகாந்த் கத்திவிட்டு அக்காவிடம் திரும்பினார். "எதை எப்ப கடைசியாத் தொட்டது எண்டு மெஷினுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. சில பேர் கெல்லரையே பூட்டி வைப்பினம். வேற சில பேர் மேசையை நிமிசத்துக்கு நிமிசம் துடைப்பினம். ரெண்டும் பிழை. கெல்லருக்க எவ்வளவு கிடக்குது எண்டு பாக்கக் கூடாது, படியில எத்தினை தரம் ஏறி இறங்குது எண்டுதான் பாக்கோணும். மெஷினைச் சும்மா விட்டா அது பாத்துக்கொள்ளும் அக்கா. சும்மா விடத்தான் ஒருத்தருக்கும் தெரியாது."

அக்கா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படங்கள் ஒன்றுகூட அழியாத கைபேசியோடு வீடு போய்ச் சேர்ந்தார். அன்று முதல் அவர் ஜெயகாந்தைக் கோயிலில் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவதாகக் கேள்வி.

வீட்டிலும் இதே சித்தாந்தம்தான். சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடம் இருக்காது. வயர்கள், பூட்டுத் திறப்புகள், ஆணிகள், மூக்குக்கண்ணாடிக்கூடு எல்லாம் அங்கேதான் குடியிருப்பு. "கைக்கெட்டக் கிடக்கோணும்" என்பது அவர் வாதம். "கண்டறியாத கேஷ்" என்பது சிவப்பிரியாவின் தீர்ப்பு. விருந்தாளி வருகிறார்கள் என்றால் அவள் எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிப் பெட்டியில் போடுவாள். அடுத்த இரண்டு நாளும் ஜெயகாந்த் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு திரிவார்.

இப்படிப்பட்ட மனிதர், தன் அண்ணையின் மகளுடைய கல்யாணத்தில் செய்த வேலையைத்தான் கேட்க வேண்டும்.

மிதுஷாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்து, மண்டபம் எடுத்து, கனடாவிலிருந்து சொந்தங்களும் வந்து இறங்கிய பிறகு, பெண்ணின் தகப்பன் கதிர்காமநாதனுக்கு நெஞ்சு நொந்தது. அம்புலன்சில் கொண்டுபோனார்கள். நெஞ்சைத் திறந்துதான் திருத்தினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெண்ணின் தாய் பாலாம்பிகை கல்யாணத்தைத் தள்ளி வைப்போம் என்று அழுதார். கதிர்காமநாதன் ஒரே பிடியாக மறுத்துவிட்டு, தம்பியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீயும் பிரியாவும் எனக்குப் பதிலா மணவறையில நிண்டு தாரை வாத்துக் குடுங்கோ. ஆனா ஒண்டு ஜெயா. தாலி கட்டேக்க நான் பாக்கோணும். பேந்து வீடியோவைக் கொண்டுவந்து காட்டாத, அது எனக்கு வேண்டாம். கட்டேக்கயே பாக்கோணும்."

"அது என்ர பொறுப்பு அண்ணை" என்றார் ஜெயகாந்த். வாழ்க்கையில் அண்ணை அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. கேட்டதும் அவருக்குத் தெரிந்த தொழிலில்.

நல்ல காரியத்துக்கு முதல் நாள் வீட்டைக் கூட்டிக் கழுவாத தமிழ்க் குடும்பம் உண்டா? பின்னேரம் சிவப்பிரியா யன்னல்களைத் துடைத்தாள், திரைச்சீலைகளை மாற்றினாள், விளக்குகளைப் புளிபோட்டு மினுக்கினாள். அறைக்குள் ஜெயகாந்தும் தன் பங்குக்குக் கழுவிக்கொண்டிருந்தார். நேரலைக்கென்று அவர் தயார் பண்ணியது ஒரு பழைய கணினி. நாளை மண்டபத்துக் கமராப் படங்களை வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதும், அவற்றைப் பதிய வேண்டியதும், சுவரில் பொம்பிளை மாப்பிள்ளையின் சின்ன வயதுப் படங்களைக் காட்ட வேண்டியதும் இந்த ஒரு கிழட்டுப் பெட்டிதான். அதன் மெமரிக் கோடு வழக்கம்போல நிறைந்து கிடந்தது. லூடர்ஸின் சேர்வரில் என்றால் ரசித்திருப்பார். இதில் அவரால் முடியவில்லை. அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அண்ணையின் நெஞ்சில் போட்ட தையல்தான் ஞாபகம் வந்தது.

முதலில் ஸ்வாப்பை மூடினார். நாளைக்குக் கெல்லர் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பிறகு, நிமிசத்துக்கு ஒருமுறை கேஷ் முழுவதையும் வழித்துத் துடைக்கும்படி ஒரு கட்டளையை எழுதி ஓடவிட்டார். கோடு தரைக்கு வந்தது. மெமரி பளிச்சென்று வெறுமையாக இருந்தது. ஊருக்கெல்லாம் செய்யாதே செய்யாதே என்று சொன்ன இரண்டையும் ஒரே இருக்கையில் செய்து முடித்துவிட்டு, பெட்டியின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். "குளிச்சு முழுகி நிக்குது" என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அவளுக்கு யன்னல் துடைக்கிற அவசரம். என்ன ஏது என்று கேட்கவில்லை.

மண்டபத்தில் மணவறைக்கு எதிரிலேயே மேசை போட்டுப் பெட்டியை வைத்தார். வேட்டி, சால்வை, திறந்த மேல், அதற்கு மேல் கழுத்தில் தொங்கும் ஹெட்போன். நாதஸ்வரம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் அண்ணையின் கட்டில் மேசையில் இருந்த ரப்லெற்றுத் திரையில் படம் போய்ச் சேர்ந்தது. "உதில ஆர், நீலச் சட்டை?" என்று அண்ணை போனில் விசாரிக்கும் அளவுக்குத் துல்லியம். ஜெயகாந்துக்குக் கால் நிலத்தில் இல்லை.

மாப்பிள்ளை லக்ஸன் மணவறைக்கு வந்து உட்காரும் நேரம் பார்த்துச் சுவரில் ஓடிய படங்கள் திக்கத் தொடங்கின. மொட்டைத் தலையோடு குழந்தை மிதுஷா பாதிதான் தெரிந்தாள். மீதி வரக் காணோம். எப்படி வரும்? மேசையில் கிடந்த பருப்பை நிமிசத்துக்கு நிமிசம் எறிந்தால், ஒவ்வொரு பிடிக்கும் கடைக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு படத்தையும் டிஸ்க்கிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அதே டிஸ்க்கில்தான் கமராப் பதிவும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கு மூச்சு வாங்கியது. எழுதக் காத்திருந்ததெல்லாம் மெமரியில் குவிந்தது. அதை எறிய முடியாது. வைக்கக் கெல்லரும் இல்லை, அதுதான் நேற்றே பூட்டியாகிவிட்டதே. இப்படி நெருக்குப்பட்டால் மெஷினுக்கு ஒரே வழிதான். ஓடுகிற புரோகிராம்களில் பெரியதாக ஒன்றைப் பிடித்துக் கொன்றுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். இருந்ததில் பெரியது நேரலையை அனுப்பிக்கொண்டிருந்த புரோகிராம்.

மடியில் போன் அதிர்ந்தது.

"டேய் ஜெயா, படம் நிண்டிட்டுது. என்னடா, அங்க கரண்ட் போயிட்டுதோ?"

"இல்லை அண்ணை. ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம்."

திரையில் ஒரு வரி கிடந்தது. மெமரி போதாமல் புரோகிராம் கொல்லப்பட்டது என்ற வரி. லூடர்ஸுக்கு முன்னால் எத்தனையோ தடவை, சும்மா விடாவிட்டால் இதுதான் வரும் என்று கதை கதையாக அளந்த அதே வரி. ஜெயகாந்துக்குக் காது மடல்வரை சூடேறியது. வெட்கத்துக்கு அப்போது நேரமிருக்கவில்லை, பயம்தான் முன்னால் வந்தது. ஐயர் மைக்கில் கூப்பிடத் தொடங்கிவிட்டார். "பெண்ணின்ர சித்தப்பா, சித்தி, கெதியா மணவறைக்கு வாங்கோ. நேரம் போகுது."

சடங்குக்கென்று விரலில் போட்ட தர்ப்பை மோதிரம் கீபோர்ட்டில் இடறியது. ஒரு எழுத்துத் தவறியது, அழித்து மறுபடி அடித்தார். ஸ்வாப்பைத் திறந்தார். துடைக்கும் கட்டளையை நிறுத்தினார். நேரலையை மீண்டும் ஓடவிட்டார். படம் ஆஸ்பத்திரிக்குப் போகிறதா என்று பார்த்து உறுதிப்படுத்துவதற்குள் சிவப்பிரியா வந்து சால்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மணவறையில் நின்றால் பெட்டியின் திரை நேரெதிரே தெரிந்தது. மிதுஷாவின் கையை லக்ஸனின் கையில் வைத்துப் பிடித்திருந்தார். செம்பிலிருந்து சிவப்பிரியா தண்ணீரை வார்த்தாள். ஐயர் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் கேட்டார். ஜெயகாந்த் வாயால் பெயரைச் சொல்லிக்கொண்டு, கண்ணால் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு மேலே ஏறியது. இன்னும் ஏறியது. சிவந்தது.

"சித்தப்பா, கையை நெரிக்கிறியள்" என்றாள் மிதுஷா மெதுவாக.

"தண்ணி வழுக்கும் பிள்ளை" என்றார்.

அந்தச் சிவப்பு நல்ல சிவப்பு என்று அவருக்குத் தெரியாதா? துடைப்பதை நிறுத்தியதும் கேஷ் திரும்ப நிறைகிறது, படங்கள் மேசைக்கு வந்து சேர்கின்றன, அவ்வளவுதான். உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த விசயம். ஆனால் தெரிவது வேறு, தாங்குவது வேறு. கோட்டின் மறுமுனையில் இன்றைக்கு ஓட்டுக் கம்பனி இல்லை, அண்ணை இருக்கிறார்.

தாரை வார்த்து முடிந்தது. மிதுஷா கூறைச்சேலை மாற்றிவரப் போனாள். கொஞ்சம் இடைவெளி. ஜெயகாந்த் மெல்ல ஒரு காலை மணவறைப் படியில் வைத்தார்.

"எங்க போறியள்?" சிவப்பிரியா திரும்பாமலே கேட்டாள்.

"ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"பாத்திட்டு என்ன செய்யப் போறியள்?"

"கொஞ்சம் துப்பரவாக்கி விட்டா..."

"நேற்று அறைக்குள்ள இருந்து உந்த வேலைதானே பாத்தனீங்கள்?" அவள் இப்போது திரும்பினாள். சிரிப்பும் கோபமும் ஒன்றாக முகத்தில் இருந்தன. "புஸ்பவதி அக்காவை இருத்தி வைச்சுக் கத்தரிக்காய்க் கதை சொன்னனீங்களெல்லோ. இப்ப நீங்கள் சும்மா இருங்கோ பாப்பம்."

"அண்ணை பாக்கோணும் பிரியா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாப்பார். விடுங்கோ."

கால் திரும்ப மேலே வந்தது. அந்த இடைவெளியில் ஜெயகாந்த் பட்ட பாட்டைக் கட்டிலில் கிடந்த அண்ணைகூடப் பட்டிருக்க மாட்டார். சால்வை நுனியை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். திரையில் இன்னொரு கோடு தலையெடுத்தது. ஸ்வாப்புக்கான நீலக் கோடு. காலையில் எதற்கோ திறந்து மறந்துபோன பக்கங்கள், அச்சுப்பொறிக்காகக் காத்திருந்த ஏதோ ஒன்று, ஒருவரும் தொடாத அரைகுறை வேலைகள் எல்லாம் கெல்லருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. கோடு ஏறியது, பிறகு ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். படியில் ஏறி இறங்கும் ஆரவாரம் ஒன்றும் இல்லை. சுவரில் மொட்டைத் தலை மிதுஷா முழுசாக, பல்லில்லாமல் சிரித்தாள்.

கூறை உடுத்து அவள் வந்து உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. சபை எழும்பி நின்று, பூவும் அட்சதையும் பறக்க, பெட்டியும் திரையும் கோடும் எல்லாம் மறைந்துபோயின. லக்ஸன் தாலியைக் கட்டினான். முன்வரிசையில் பாலாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜெயகாந்த் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. சனத்தின் தலைகளுக்கு மேலால் எம்பி எம்பித் திரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேளம் அடங்கும்போது வேட்டி மடியில் போன் அதிர்ந்தது. எடுக்கப் பயந்து எடுத்தார். வீடியோ அழைப்பு.

தலையணையில் சாய்ந்தபடி அண்ணை. நரைத்த தலையில் மஞ்சள் அரிசி, மூக்குக் குழாயில் மஞ்சள் அரிசி, ரப்லெற்றின் மேல், வெள்ளைப் போர்வையின் மேல் எல்லாம் மஞ்சள் அரிசி. காலையில் பாலாம்பிகை ஒரு கடதாசிச் சரையில் கட்டி அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற தாதியின் கொண்டையிலும் இரண்டு மணி ஒட்டியிருந்தது.

"கண்டனடா" என்றார் அண்ணை. மூச்சு வாங்கியது. "அவன் கட்டேக்கயே கண்டன். மேளம் அடிக்கேக்கயே எறிஞ்சன். சரியா அந்த நேரத்துக்கு."

நேரலை எப்படியும் சில விநாடி பிந்தித்தான் போய்ச் சேரும். அண்ணை அரிசியை எறியும்போது இங்கே முடிச்சு விழுந்து மாலையும் மாறத் தொடங்கியிருக்கும். அது ஏன் பிந்துகிறது, எங்கெங்கே தங்கிப் போகிறது என்று அரை மணி நேரம் விளக்க ஜெயகாந்தால் முடியும். வாயும் திறந்தது.

"ஓம் அண்ணை" என்றார். "சரியா அந்த நேரத்துக்குத்தான்."

பிறகு போனைத் திருப்பி, மாலையும் கழுத்துமாக இருந்த மிதுஷாவின் பக்கம் நீட்டினார். சனம் இடித்தது. கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, நோக நோக, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.